மேரி பார்பருக்கு ஸ்விஃப்டால் வந்த வினை

ஆசிரியர் அவர்களுக்கு,

18-ஆம் நூற்றாண்டு அயர்லாந்துக் கவிஞர்கள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை, மேரி பார்பரை ‘ஜொனாதன் ஸ்விஃப்ட் கைதூக்கிவிட்டவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஸ்விஃப்ட் உதவினார், உண்மைதான். அவரால் வந்த வினையையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

பார்பரின் கணவர் டப்ளினில் கம்பளித் துணி வியாபாரி. மேரி தம் கவிதைகளை முன்வெளியீட்டுத் திட்டத்தில் கொண்டுவர முனைந்தார். அச்சுக்கு முன்பே ஆள் பிடித்துப் பணம் திரட்ட வேண்டும். பணம் கட்டியவர்களின் பெயர் நூலின் முன்பக்கங்களில் வரும். பெரிய இடத்துப் பெயர் ஒன்று சேர்ந்தால் அதைப் பார்த்து இன்னும் பலர் வருவார்கள். அந்த நேரம் பார்த்து, 1731-இல், பார்பரைப் புகழ்ந்து ஸ்விஃப்டின் பெயரில் பிரிட்டிஷ் அரசி கேரலைனுக்குப் போலிக் கடிதம் போனது. ஸ்விஃப்ட் மறுத்தார், சந்தேகம் பார்பர் மேல் விழுந்தது. 1734-இல் பார்பர், பிரிட்டிஷ் பிரதமர் வால்போலின் ஆட்சியைச் சாடிய ஸ்விஃப்டின் கையெழுத்துப் படிகளை லண்டனுக்குக் கொண்டுபோனதற்காகக் கைதாகி, பிறகு விடுதலையானார். போதாக்குறைக்குக் கீல்வாதம் வேறு. தலைப்புப் பக்கத்தில் 1734 என்றிருந்தாலும் நூல் கைக்கு வந்தது 1735-இல். அச்சிட்டவர் பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற சாமுவேல் ரிச்சர்ட்சன். பட்டியலில் 900-க்கும் மேற்பட்ட பெயர்கள். வால்போலின் பெயரும் அதில் இருப்பதுதான் வேடிக்கை!

இத்தனைக்கும் நடுவில் கவிதை காணாமல் போய்விடக் கூடாது. முதன்முதலாகக் கால்சட்டை மாட்டப்படும் மகன் பேசுவதாக அவர் எழுதியதைப் பாருங்கள். ஈரடிக்கு ஒருமுறை இயைபு விழும் குறுவரிகள். காலில் கட்டும் பட்டி ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது, இறுக்கமான செருப்பு வளரும் பாதத்தை நெரிக்கிறது, ஆயிரக்கணக்கானோருக்குக் கீல்வாதம் வருவதே இதனால்தான் என்கிறான் பையன். மணிக்கட்டைக் கட்டுகிறார்கள், சாப்பிட முடியாத அளவுக்கு உடை இறுகினால்தான் அம்மாவுக்கு அழகு. தொப்பிப் பட்டை மூளையை நெருக்க, கழுத்துத்துணி துருக்கி சுல்தான் அனுப்பும் சுருக்குக் கயிறாகி வேலையை முடிக்கிறது. துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து வந்த கேலி! அந்த மகன் கான்ஸ்டன்டைன் பின்னாளில் மருத்துவரானார். இதில் ஸ்விஃப்டின் சாயல் உண்டு. ஆனால் குழந்தையின் உடம்பை உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் கண் தாயுடையது.

1738-இல் வெளியான தம் உரையாடல் நூல் ஒன்றின் கையெழுத்துப் படியை ஸ்விஃப்ட், அதன் வருமானம் பார்பருக்கே சேரட்டும் என்று கொடுத்தார். அதையும் சொல்லியாக வேண்டும். இணைப்பில் மறுபடி அவரைப் பற்றி எழுதுவதானால், இந்தக் கால்சட்டைக் கவிதையை முழுதாக மொழிபெயர்த்துப் போடுங்கள்.