பூட்ஸைக் கழற்றும் முன் சில பேருக்கு நன்றி

குமரி மாவட்டத்தில் தூத்தூரிலிருந்து நீரோடி வரையுள்ள என் கரை மக்களுக்கும், நான் ஆடப் போன ஊர்களில் எனக்குச் சோறு போட்டவர்களுக்கும் வணக்கம்.

இந்த சீசனோடு கால்பந்து ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன். ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரியாத ஒரே ஆள் என் கடைசி கிளப்பின் கணக்கர்தான். அடுத்த வருஷத்துக்கான படிவத்தை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

லீவில் வரும்போதெல்லாம் தெருவில் ஒரு கேள்வி காத்திருக்கும். "மக்களே, ஒரு டீம்ல நிலையா நிக்க மாட்டியா? வருசத்துக்கு ஒரு சட்டையா?" அதற்குப் பதில் சொன்னால்தான் யாருக்கு எதற்கு நன்றி சொல்கிறேன் என்பது புரியும்.

நம் நாட்டில் ஃபார்வர்டின் பிழைப்பு அப்படி. கோல் அடிக்கும் இடத்துக்கு முதலில் வெளிநாட்டு ஆட்டக்காரரைத்தான் தேடுவார்கள். மிச்சமிருப்பது பெஞ்சும், மைதான ஓரத்து விங்கும். ஒப்பந்தமும் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான். அப்புறம், கிளப்பே இருக்குமா என்று சொல்ல முடியாது. 2010-ல் மும்பை மஹிந்திரா யுனைடெட்டை மூடினார்கள், அடுத்த வருஷம் பஞ்சாபின் ஜே.சி.டி. போனது. 2016-ல் கோவாவின் டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் மூன்றும் தேசிய லீகான ஐ-லீகை விட்டு விலகின. ஒவ்வொன்று போகும்போதும் அங்கிருந்தவர்கள் மற்ற கிளப்புகளில் இடம் தேடுவார்கள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

முதல் நன்றி, சாயங்காலம் எங்களைக் கடற்கரையில் ஓடவிட்ட அண்ணன்மாருக்கு. மணலில் பந்து எழும்பாது. காலுக்கடியில் செத்துக் கிடக்கும். அதைக் கிளப்பி ஆடியே எங்களுக்குத் தொடை வலுத்தது. ஆனால் சென்னை லீக்கில் புல்தரைக்குப் போனதும் எனக்கு வந்த பந்தெல்லாம் காலில் பட்டு ஓடியது. கொல்கத்தாவில்தான் ஒரு கோச் அதைச் சரிசெய்தார். மைதானத்தில் மழைக்காலச் சேறு, அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. பந்து என்னை நோக்கி வரும்போது என் இடது தோளைத் தட்டுவார். திரும்பிப் பார், என்னைத் தடுக்க வரும் எதிரணி பேக் எங்கே நிற்கிறான் என்று பார், அப்புறம் பந்தைத் தொடு என்று அர்த்தம். அந்தத் தட்டு இல்லாவிட்டால் இரண்டே சீசனில் ஊர் திரும்பி வலை பிடித்திருப்பேன். அங்கே மெஸ்ஸில் சமைத்த அக்காவுக்கும் நன்றி. கடுகு அரைத்த மீன் குழம்பு எனக்குப் பிடிக்கவேயில்லை. அதைக் கண்டுகொண்டு தேங்காய் வாங்கிவரச் சொன்னவர் அவர்.

ஷில்லாங்குக்கு விவேக் எக்ஸ்பிரஸில் போனேன். கன்னியாகுமரியில் கிளம்பி திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி. நான் குவஹாத்தியில் இறங்கி மலை ஏறினேன். கடல் மட்டத்தில் வளர்ந்தவனுக்கு 1,500 மீட்டர் உயரத்தில் முதல் வாரம் மூச்சே கிடைக்கவில்லை. ராத்திரி குளிருக்குத் தன் கம்பளியைக் கொடுத்துவிட்டு ஜாக்கெட்டோடு தூங்கிய அறைத் தோழனுக்கு நன்றி.

ஒரு கிளப் பல மாதச் சம்பளத்தைக் கடைசிவரை தரவேயில்லை. அப்போது என்னைக் காப்பாற்றியது கேரளத்தின் மலபார் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. அறுவடை முடிந்த வயலில் கமுகு மரத்தில் கேலரி கட்டி ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெரிய கிளப்புகளுக்கு இந்த ஆட்டம் ஆகாது, காலை உடைத்துக்கொள்வோம் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு காசு கைக்கு வரும். அரீக்கோடு பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் எனக்கும் ஒரு நைஜீரியத் தோழனுக்கும் இடம் கொடுத்து, வாடகைப் பேச்சையே எடுக்காத அந்தக் குடும்பத்தை மறக்க மாட்டேன்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நான் கோவாவில் இருந்தேன். மச்சான் ஆழ்கடலில். வீட்டில் யாருக்கும் தகவல் இல்லை. நம் கரையில் எத்தனை வீட்டில் அப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் கோல்கீப்பரின் சித்தப்பாவுக்கு வாஸ்கோவில் டிராலர் இருந்தது. அந்த மனுஷன் ராத்திரி முழுக்க ஒவ்வொரு துறைமுகமாக ஃபோன் போட்டு, படகின் பெயரையும் பதிவு எண்ணையும் சொல்லிக் கேட்டார். கடைசியில் மச்சான் லட்சத்தீவில் கரை ஒதுங்கியது தெரிந்தது. திரும்பி வராதவர்களின் வீடுகள் என் தெருவிலும் உண்டு. அதனால் இதை ஊரில் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தச் சித்தப்பாவுக்கு மட்டும் இங்கே சொல்கிறேன்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குக் காசு திரட்டிய பங்குச் சாமிக்கும் இளைஞர்களுக்கும், கஞ்சிக் கலயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த மைனிமாருக்கும் (அண்ணிமார்), "திரும்ப ஓடுவே, ஆனா பழைய வேகம் வராது" என்று மறைக்காமல் சொன்ன பிசியோவுக்கும் நன்றி. அவர் சொன்னபடியே ஆனது. அதற்குப் பிறகுதான் நின்று யோசித்து ஆடப் பழகினேன். கோலும் கூடியது!

இப்போதைய பையன்களுக்கு வழி கொஞ்சம் தெளிவு. நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போய் ஆடிய பிறகு, தூத்தூர்ப் பக்கம் என்றாலே கோச்சுமார் பந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில் அது எந்தக் கரை என்று முதலில் விளக்க வேண்டும்.

கடைசியாகப் போட்டுக்கார (படகுக்கார) மாமாவுக்கு. முதன்முதலாக சென்னைக்கு டிரெயின் ஏறியபோது தன் பங்குக் காசில் பூட்ஸும் டிக்கெட்டும் வாங்கித் தந்தவர். எத்தனை முறை திருப்பிக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். ஆகவே மாமா, அந்தக் காசை நம்ம கிளப்புச் சின்னப் பையன்களின் பூட்ஸுக்கு உங்கள் பெயரிலேயே எழுதிவிட்டேன். ரசீது மைனி கையில் இருக்கிறது, சத்தம் போட வேண்டுமானால் அவரிடமே போடுங்கள்.