ஞாயிறு குழுவுக்கு விடுமுறை

நண்பர்களே, இந்த ஞாயிறு நம் அரட்டைக் குழு பூட்டியிருக்கும். ஃபேஸ்புக், யூடியூப் பக்கமும் போகாமல் பழைய ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழ்களை எடுத்து வையுங்கள். 1977-இல் இயன் லிவிங்ஸ்டன் ஆசிரியராக இருந்து தொடங்கிய பிரிட்டிஷ் மேசை விளையாட்டு இதழ்; வெளியிட்டது கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற விளையாட்டு நிறுவனம். ஆரம்பத்தில் மற்ற நிறுவனங்களின் விளையாட்டுகளைப் பற்றியும் தாராளமாக எழுதினார்கள். பிற்பாடு கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொந்தச் சரக்கு மட்டும்தான். எனக்கு அந்த முதல் பத்தாண்டுதான் பிடிக்கும். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள், வாசகர் கடிதங்கள், ஏன், விளம்பரங்கள்கூட! (பழைய விலையைப் பார்த்தால் வயிறு எரியும், அது வேறு.)

நாவல்தான் வேண்டும் என்பவர்களுக்கு வில்லியம் கிங்கின் ‘ட்ரோல்ஸ்லேயர்’, அதே நிறுவனத்தின் ‘வார்ஹாமர்’ விளையாட்டு உலகில் நடக்கும் மாயக்கதை. வீரச்சாவைத் தேடி அலையும் குள்ளன் கோட்ரெக், அதைக் காவியமாகப் பாடுவதாகச் சத்தியம் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட ஃபீலிக்ஸ். தனித்தனிக் கதைகள், இடையில் தூங்கினாலும் பரவாயில்லை.

படிப்பதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட வேண்டாம், ப்ளீஸ். திங்கள் காலை குழு திறக்கும். இரவல் கேட்பவர்கள் அப்போது கேளுங்கள்.