டேப்லெட் ஓடுகிறது, நீ ஒன்றும் வாங்கி அனுப்ப வேண்டாம்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு முட்டுவலி பரவாயில்லை, வாய் எப்போதும்போல. நீ போன லீவில் பீரோவில் வைத்துவிட்டுப் போன டேப்லெட் இப்போது ஆச்சி கட்டில் பக்கத்தில் ஒழுங்காக ஓடுகிறது. போனில் சொன்னால் நான் முதல் வரி முடிப்பதற்குள் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா” என்பாய். அதனால்தான் அந்த டேப்லெட்டிலேயே உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஜெர்மனியிலிருந்து வீடியோவில் பேசும்போது ஆச்சிக்குப் படம் நின்று நின்று போகிறது என்றதும், வீடு முழுக்க வைஃபை பரப்ப மூன்று டப்பாவாக வரும் மெஷ் செட்டை ஆர்டர் போடப்போகிறேன் என்றாயே, போடாதே. அந்த விலைக்கு இங்கே புறவாசல் கூரை ஓடு முழுவதும் மாற்றலாம். என்ன கோளாறு என்று பார்க்காமலே சாமான் வாங்கும் பழக்கம் உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் 198 என்ற புகார் நம்பருக்கு ஒருவர் கூப்பிட்டு “போன் செத்துப்போச்சு” என்றால் உடனே யாரும் கம்பத்தில் ஏறமாட்டார்கள். டெஸ்ட் டெஸ்க்கில் அந்த லைனைச் சோதித்து, கோளாறு நம் கட்டடத்துக்குள்ளா, வெளியே கேபிளிலா, அவர் வீட்டுக் கருவியிலா என்று பிரித்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் லைன்மேன் சைக்கிளை எடுப்பார். உன் டேப்லெட்டுக்கும் அதையேதான் செய்தேன். டேப்லெட்டிலிருந்து ரவுட்டர் வரை காற்று. ரவுட்டரிலிருந்து தெருக்கம்பம் தாண்டிக் கம்பெனி வரை கண்ணாடி இழை, அதுதான் ஃபைபர். இரண்டும் தனித்தனி வழி. டேப்லெட் திரையின் மேலே விசிறி மாதிரி தெரியும் வைஃபை குறி முதல் வழிக்கு மட்டும்தான் பொறுப்பு. விசிறி நிறைய இருந்தும் ஒன்றுமே திறக்காமல் போகலாம். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் டேப்லெட்டைத் தட்டுகிறார்கள், மீதிப் பேர் கம்பெனிக்காரனைத் திட்டுகிறார்கள்.

முதலில் காற்று. நம் வீட்டின் நீளம் உனக்குத் தெரியும். திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசை. ஃபைபர் போட வந்த பையன் தெருவுக்குப் பக்கமாக இருக்கிறதென்று தார்சாவில், டி.வி.க்குப் பின்னால், அலமாரிக்கு உள்ளே ரவுட்டரை வைத்துவிட்டுப் போயிருந்தான். அங்கிருந்து ஆச்சி கட்டிலுக்கு வருவதற்குள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய இரண்டு கனத்த சுவர்கள், அப்புறம் என் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ. சுவர் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். இரும்புத் தகடு அப்படியே திருப்பி அனுப்பிவிடும். பீரோக் கண்ணாடியும் அப்படித்தான், அதன் பின்புறப் பூச்சு உலோகம். ஆச்சி கட்டில் அந்த பீரோவின் நிழலில் கிடந்தது. “ஜெர்மனிக்காரி மூஞ்சி பாதியில நிக்கி” என்று ஆச்சி சொன்னதற்குக் காரணம் ஜெர்மனியில் இல்லை.

டேப்லெட்டில் செட்டிங்ஸ் போய் வைஃபையைத் திறந்தால் நம் வீட்டுப் பெயர் இரண்டு முறை வருகிறது. ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். உன் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு “நம்ம வீட்டுக்கும் 5ஜி வந்துட்டே” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். செல்போன் 5ஜி நம் நாட்டில் 2022 அக்டோபரில் வந்தது, அது டவர் சமாச்சாரம். ரவுட்டரில் எழுதியிருப்பது 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையின் சுருக்கம். இன்னொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். ஐந்து வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு கடந்து போகும். வீடியோவில் பேசுவதற்கு எத்தனை வேகம் வேண்டும்? சில மெகாபிட் போதும். அதனால் ஆச்சி டேப்லெட்டுக்கு 2.4 மட்டும் போட்டு, மற்றதை ‘மறந்துவிடு’ என்று அழுத்திவிட்டேன். இல்லையென்றால் அது இரண்டுக்கும் மாறி மாறித் தாவி, நடுவில் பேச்சு அறுந்துபோகும். பட்டாசலில் உட்கார்ந்து படம் பார்க்கும் உன் தம்பிக்கு ஐந்து.

ஆனால் 2.4-இல் கூட்டம் அதிகம். நம் தெருவில் வீட்டுக்கு வீடு ஒட்டுச்சுவர், அத்தனை வீட்டு ரவுட்டரும் ஒரே காற்றில் பேசுகின்றன. அதில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 மூன்றுதான். போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கத்து வீடும் 6-இல் இருந்தன. நம்முடையதை 11-க்கு மாற்றினேன். இன்னொரு கூத்து, அடுக்களையில் உன் தம்பி வாங்கி வைத்த மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. கதவிடுக்கில் துளி கசிந்தாலும் ஆச்சி டேப்லெட் திக்குகிறது. நீ கூப்பிடும் நேரத்தில் அடுப்பைப் போடக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். “அந்தச் சவத்த விறகடுப்பா இருந்தா இந்தத் தொல்லை உண்டா” என்கிறார் ஆச்சி.

பெரிய மருந்து ரவுட்டரை இடம் மாற்றியதுதான். ஃபைபர் வயரில் மிச்சத்தைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். கம்பெனிப் பையனை வரச்சொல்லி, அதைப் பிரித்து, பட்டாசல் உத்தரத்துக்குக் கொண்டுபோனோம். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார், கூடவே அறிவுரையும் சொன்னார். அந்தப் பையன் மூலையில் வயரைச் சுருக்கென்று மடித்து ஆணி அடிக்கப் போனான். கூடாது என்றேன். செப்புக் கம்பி என்றால் எப்படியும் வளைக்கலாம். கண்ணாடி இழையில் போவது வெளிச்சம், இறுக்கி மடித்தால் மடிப்பில் வெளிச்சம் வெளியே சிதறிவிடும். “ஆன்ட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே அர்ஜென்ட், லைட்னிங் என்று வெளியூருக்கு டிரங்க் கால் போட்டவள் என்று சொல்லவில்லை, காப்பி கொடுத்து அனுப்பினேன். ரவுட்டரின் கொம்புகளைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தேன். அலை கொம்பின் பக்கவாட்டில்தான் பரவும், நுனி காட்டும் திசையில் குறைவு. பீரோவையும் எதிர்ச்சுவருக்குத் தள்ளினோம். இப்போது விசிறியில் ஒரு கோடு மட்டும்தான் குறைகிறது. புறவாசலில் கிடைக்காது. வேண்டாம், கறிவேப்பிலை பறிக்க வைஃபை எதற்கு?

பாஸ்வேர்டு விஷயம் சுருக்கமாக. கம்பெனிப் பையன் அப்பாவின் செல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தான். ஊருக்கே தெரிந்த நம்பர். சாயங்காலம் நம் திண்ணையில் இளவட்டங்கள் ஏன் இத்தனை பாசத்தோடு வந்து உட்கார்ந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. டேப்லெட் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். அங்கே போய் சம்பந்தமில்லாத நான்கு சொல்லை ஒட்டிப் புது பாஸ்வேர்டு போட்டேன். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, 63 வரை போகலாம். இதில் எழுதமாட்டேன், வரும்போது கேட்டுக்கொள். பாதுகாப்பு வகை டபிள்யூ.பி.ஏ.2. அதைவிடப் புதிய டபிள்யூ.பி.ஏ.3-ஐ மட்டும் வைத்தால் உன் பழைய டேப்லெட் மாதிரியானவை உள்ளேயே வராது. விருந்தாளிகளுக்கு ‘கெஸ்ட்’ என்று தனி வாசல் இருக்கிறது, அதைத் திறந்து வைத்திருக்கிறேன். பையன்களை விரட்டவில்லை. அப்பாவுக்குப் பேச்சுத் துணை வேண்டுமே.

இத்தனைக்கும் பிறகு ‘இணைந்துள்ளது, இணையம் இல்லை’ என்று வந்தது பார். நீயாக இருந்தால் அந்த நிமிஷமே ரவுட்டரைப் பிடுங்கியிருப்பாய். நான் டெஸ்ட் டெஸ்க் வேலையை ஆரம்பித்தேன். அதே வைஃபையில் என் போன் ஓடுகிறதா? ஓடுகிறது. அப்படியானால் தெருக்கம்பம் சரி, ரவுட்டரும் சரி. டேப்லெட்டில் 192.168.1.1 திறக்கிறதா? திறக்கிறது. அப்படியானால் காற்றும் சரி. மிச்சம் டேப்லெட் மட்டும். தேடிப் பார்த்தால் தேதி இரண்டு வருஷம் தாண்டி எதிர்காலத்துக்கு ஓடிப்போயிருந்தது! தானாக நேரம் எடுக்கும் வசதியை யாரோ அணைத்துவிட்டு, கையால் தேதியைத் தள்ளியிருக்கிறார்கள். யார் என்று கேட்காதே, உன் மகனைக் கேள். விளையாட்டில் அடுத்த உயிர் வரக் காத்திருக்காமல் இருக்க நாளைத் தள்ளி வைத்திருக்கிறான் அந்தப் புத்திசாலி. இணையதளங்கள் ஒவ்வொன்றும் தான் அசல் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கும், அதற்குக் காலாவதித் தேதி உண்டு. டேப்லெட் நாட்காட்டியில் அத்தனையும் காலாவதி. அதனால் ஒன்றையும் நம்பாமல் கதவைச் சாத்திக்கொண்டது. தேதியைத் தானியங்கிக்கு மாற்றினேன், எல்லாம் திறந்துவிட்டது. அவனைத் திட்டாதே, தாத்தா ரொம்பப் பெருமைப்படுகிறார்.

கண்ணாடி இழை வழியில் கோளாறு வந்தால் டேப்லெட்டைத் தொடவே வேண்டாம், ரவுட்டர் முகத்தைப் பார்த்தால் போதும். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் வீடு வரவில்லை என்று அர்த்தம். ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து அறுப்பது, லாரி உரசிப் போவது, இதெல்லாம் அந்த ரகம். புகார் சொல்லும்போது “நெட் வரலை” என்று சொல்லாமல் “எல்.ஓ.எஸ். சிவப்பு” என்று சொன்னால் ஆள் சீக்கிரம் வருகிறார், அறுந்த இழையை ஒட்டும் மெஷினையும் கையோடு எடுத்து வருகிறார். இது என் அனுபவம்.

கரண்ட் போவதுதான் எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம். பழைய தொலைபேசிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி வரிசையாக நிற்கும், அந்த மின்சாரம் செப்புக் கம்பி வழியாகவே வீடு வந்து சேரும். ஊர் இருண்டாலும் ரிசீவரை எடுத்தால் ரீங்காரம் கேட்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கரண்ட் போன நொடி ரவுட்டர் ஊமை. 2023 டிசம்பர் 17, 18 மழையை நீ மறந்திருக்கமாட்டாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் கையில் செத்த போனோடு உட்கார்ந்திருந்தேன். காசு செலவழிக்க வேண்டும் என்று உனக்கு அத்தனை ஆசை இருந்தால் மெஷ் வேண்டாம், ரவுட்டருக்குக் கையடக்கமான ஒரு யு.பி.எஸ். வாங்கிக் கொடு. நம் ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடுகிறது, அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படம் எடுத்து அனுப்புகிறேன், அதற்குப் பொருந்துவதாகப் பார். தெருவில் இழையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. அதனால் வயர் அறாமல், கம்பெனி முனையிலும் மின்சாரம் இருக்கும்வரை நம் வீட்டில் பேச முடியும். வெள்ளம் வந்து வயரே போனால் யு.பி.எஸ். ஒன்றும் செய்யாது, அதுவும் எனக்குத் தெரியும்.

புறவாசல் வரை வேண்டும் என்று பிற்பாடு தோன்றினாலும், சிக்னலை வாங்கித் திருப்பி வீசும் மலிவு எக்ஸ்டெண்டர் வாங்காதே. ஒரே ரேடியோவில் கேட்கவும் பேசவும் செய்வதால் வேகம் பாதியாகும். நான் ஜங்ஷன் போகும்போது லேன் கேபிள் வாங்கி வந்து, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை அடுக்களையில் மாட்டிக்கொள்கிறேன். 100 மீட்டர் வரை அந்த கேபிள் போகும். நம் வீடு நீளம்தான், அத்தனை நீளமில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு உங்கள் ஊர்க் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், அதற்குப் பிறகு நமக்குள் நான்கரை மணி நேரம் வித்தியாசம். போன வருஷம் மாதிரி ஆச்சி தூங்கின பிறகு கூப்பிடாதே. நமக்கு ஆறரை, உனக்குப் பகல் இரண்டு, அதுதான் தோது. இந்தச் சனிக்கிழமை பராமரிப்புக்காக காலையிலிருந்து கரண்ட் நிறுத்துவார்கள், அன்று வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, பேரனையும் உட்கார வை. தேதியைப் பற்றி தாத்தா அவனிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா