லேசர் வாங்கும்போதே பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக இயற்பியல் துறையில் லேசர் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இத்தனை லட்சம் ரூபாயில் புதிய லேசர் ஆய்வகம் திறப்பு என்று அவ்வப்போது நாளிதழ்களில் படிக்கிறேன். மகிழ்ச்சிதான். அந்த லட்சங்களில், அங்கே வேலை செய்யப்போகும் ஆராய்ச்சி மாணவர்களின் கண்ணைக் காப்பாற்ற எவ்வளவு ஒதுக்கினார்கள் என்றும் யாராவது கேட்க வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம்.

நம் ஆய்வகங்களில் பரவலாக இருப்பது என்டி-யாக் (Nd:YAG) எனும் வகை லேசர். அதன் 1064 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்புக் கற்றை கண்ணுக்குத் தெரியாது. ஒளியைத் துடிப்புத் துடிப்பாக விடும் வகையில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். நாம் கண்ணை மூடுவதற்குக் கால் நொடி ஆகும் என்பதால் இமை இதைத் தடுக்காது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸோ அந்த ஒளியைக் குவித்து, விழித்திரையில் சுமார் ஒரு லட்சம் மடங்கு செறிவாக்கி விடுகிறது. நேராகப் பட வேண்டும் என்றுகூட இல்லை. பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கண்ணைப் பறிக்க அதுவே தாராளம். கைக்கடிகாரமோ மோதிரமோ பட்டும் அது தெறிக்கலாம். மேஜைமேல் கற்றை ஓடும் மட்டமும், கீழே விழுந்த ஆலன் கீயை எடுக்கக் குனிந்து நிமிர்கிறவரின் கண் மட்டமும் ஒன்றாகிவிடும் தருணம் ஒரு நாளில் பலமுறை வரும்.

கண் விபத்துகளில் பெரும்பாலானவை அளவீடு நடக்கும்போது நடப்பதில்லை. மிரரையும் லென்ஸையும் திருகித் திருகிக் கற்றையை நேர்படுத்தும் அலைன்மென்ட் நேரத்தில்தான் நடக்கின்றன. அப்போதுதான் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். மாணவர்களின் அலட்சியம் என்று சொல்லி இதைத் தள்ளிவிடுகிறோம். அது நியாயமில்லை. 532 நானோமீட்டர் பச்சைக் கற்றைக்கான ஆரஞ்சு நிறக் கண்ணாடியை மாட்டினால் பச்சைப் புள்ளி சுத்தமாகத் தெரியாது. புள்ளியே தெரியாமல் ஒருவர் மிரரை எப்படித் திருப்புவார்? கழற்றத்தான் செய்வார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. புள்ளி மங்கலாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ஒளியை விடும் அலைன்மென்ட் கண்ணாடிகள் கிடைக்கின்றன. சிறிய ஹீலியம்-நியான் லேசரை வைத்துப் பாதையை முதலில் அமைத்துவிட்டு, பிறகு பெரிய லேசரைக் குறைந்த சக்தியில் விட்டுச் சரிபார்க்கலாம். அகச்சிவப்புக் கற்றையைக் காட்டும் அட்டை இருக்கிறது. ஒரு கேமராவைப் பொருத்திக் கணினித் திரையில் பார்த்தபடி வேலை செய்யலாம். இவற்றின் மொத்தச் செலவு லேசரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனாலும் திட்ட நிதியில் கை வைக்க வேண்டி வந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சில்லறைச் சாமான்கள்தான்.

என் பணிக்காலத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரவில் தனியாக அலைன்மென்ட் செய்துகொண்டிருந்தார். ‘டப்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டதாம். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் வலிக்கவில்லை. பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி வந்து நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் படித்தால், எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்துதான் மறைகிறது என்றார். அந்த அறையில் ஆணியில் தொங்கிய ஒரே கண்ணாடியின் விளிம்பில் இருந்த அலைநீளமும், எவ்வளவு ஒளியைத் தடுக்கும் என்று காட்டும் எண்ணும் அழிந்து போயிருந்தன. எந்த லேசருக்கு வாங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. துறைப் பதிவேட்டில் இந்த விபத்தைப் பற்றி ஒரு வரிகூட ஏறவில்லை. ஆய்வேடு முடிய வேண்டும், கைடின் கையெழுத்து வேண்டும். அந்த மாணவியும் வாய் திறக்கவில்லை.

2004 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவருக்கு என்டி-யாக் வகை லேசரால் கண் பாதித்தது. மாணவரும் கண்ணாடி அணியவில்லை, வழிநடத்திய விஞ்ஞானியும் அணியவில்லை. அதே சமயத்தில் ரகசியக் கணினி வட்டுகள் காணவில்லை என்ற புகாரும் எழ, இயக்குநர் பீட் நானோஸ் ஏறக்குறைய ஆய்வகம் முழுவதன் வேலையையும் நிறுத்தினார். அவர் செய்தது மிகை என்று அங்கே பலர் கோபப்பட்டார்கள். இருக்கட்டும். விபத்து வெளியே வந்தது, விசாரிக்கப்பட்டது, அறிக்கையும் வந்தது. நமக்குத் தேவை அந்த அறிக்கைதான்.

நம் துறைகளில் எக்ஸ்ரே கருவி இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்குள் வந்துவிடும். லேசர், எக்ஸ்ரே போல அயனியாக்கும் கதிர்வீச்சு அல்ல என்பதால் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருக்கும் இரண்டு கருவிகளில் ஒன்றைக் கேட்க ஆள் உண்டு, மற்றதைக் கேட்க ஆள் இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிவாளர் ஒரு சுற்றறிக்கை போட்டாலே போதும்.

3பி, 4 எனக் கண்ணுக்கு ஆபத்தானவையாக வகைப்படுத்தப்பட்ட லேசருக்கான கொள்முதல் ஆணையில் உரிய கண்ணாடிகளும் அலைன்மென்ட் சாதனங்களும் சேராவிட்டால் ஆணையில் கையெழுத்திடக் கூடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் லேசர் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வேண்டும். பேராசிரியரே நடத்தும் ஆய்வு என்றாலும் பாதியில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்த அலுவலருக்கு இருக்க வேண்டும். சேரும்போதே மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து பதிந்து வைக்க வேண்டும். இரவில் தனியாக யாரும் கற்றையைத் திறக்கக் கூடாது. லேசரை இயக்கும் ஃபிளாஷ் லேம்புக்கு மின்சாரம் தரும் மின்தேக்கிகள் சுவிட்சை அணைத்த பிறகும் உயிரைப் பறிக்கும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நிதி தரும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை போன்ற அமைப்புகள், செலவுக் கணக்கோடு விபத்துப் பதிவேட்டின் நகலையும் ஆண்டுதோறும் கேட்டு வாங்கட்டும். மறைத்தால் அடுத்த தவணை கிடைக்காது என்றால் எல்லாத் துறைகளிலும் பதிவேடு திறக்கப்படும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உதவியாளர்,
திருச்சிராப்பள்ளி.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)