அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் வேண்டாம், குட்டி

அன்புள்ள குட்டிக்கு,

சித்தி எழுதுவது. நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். டிரலீயில் ஏதோ பரிசுப்பொருள் கடையில் நின்றுகொண்டு ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறாய். அட்டையில் பச்சைக் குன்று, இடிந்த கோட்டை, முன்னால் இரண்டு ஆடு. “அயர்லாந்து முழுக்க இதிலேயே இருக்காம் சித்தி, உங்களுக்கு வாங்கட்டுமா?” என்று கேட்டிருந்தாய்.

வாங்காதே. இதை உனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உன்னை மாதிரி நர்ஸ் வேலைக்கு அங்கே போயிருக்கிற பிள்ளைகள் நிறைய பேர். அவர்களும் படித்தால் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கிற மாதிரியே எழுதுகிறேன்.

நூலகத்தில் இருந்த காலத்தில் அந்த மாதிரிப் புத்தகங்கள் என் கைவழியாக எத்தனையோ போயிருக்கின்றன. அன்பளிப்பாக வரும், கண்ணாடி அலமாரியில் உட்காரும், ஒருவரும் எடுத்துப்போக மாட்டார்கள். படங்கள் அழகுதான். ஆனால் நீ போன நாளிலிருந்து மழை மழை என்று புலம்புகிறாயே, அந்த மழை ஒரு படத்திலாவது இருக்கிறதா பார். ஆளே இருக்க மாட்டார். இருந்தாலும் கையில் வேலை இருக்காது. அடுப்பில் எதை எரித்தார்கள், கூரைக்கு என்ன வேய்ந்தார்கள், உருளைக்கிழங்கு தீர்ந்துபோன மாதத்தில் என்ன தின்றார்கள் என்று சொல்கிற புத்தகம்தான் எனக்குப் பிடிக்கும். அதில் மிகச் சிறந்த சில, நீ இருக்கிற கெர்ரி மாவட்டத்திலேயே எழுதப்பட்டவை.

டிரலீயிலிருந்து டிங்கிள் வழியாக மேற்கே போய்க்கொண்டே இருந்தால் தரை முடிகிற இடத்தில் டன்குவின். எதிரே கடலுக்குள் பிளாஸ்கெட் தீவுகள். அவற்றில் பெரிய தீவில்தான் ஊர் இருந்தது. கூட்டம் அதிகமாக இருந்த நாளிலும் இருநூறு பேரைத் தொடாத ஊர். அங்கே பிறந்த டொமாஸ் ஓ கிரோஹன் என்ற மீனவர் தன் வாழ்க்கையை ஐரிஷ் மொழியில் எழுத, 1929-இல் அது ‘தீவுக்காரன்’ என்று புத்தகமாக வந்தது. ஐரிஷ் அவருக்குத் தாய்மொழி. ஆனாலும் அதை எழுதப் படிக்க நடுவயதில்தான் கற்றுக்கொண்டார். ஐரிஷ் பழக வந்த கில்லார்னிக்காரர் ஒருவர் அவருக்குக் கார்க்கியையும் பியர் லோட்டியையும் வாசித்துக் காட்டி, சாதாரண ஜனங்கள் படுகிற பாட்டையும் புத்தகமாக எழுதலாம் என்று நம்பவைத்தார். 1934-இல் வந்த ராபின் ஃபிளவரின் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் நான் படித்தேன். ஃபிளவர் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவடிகளோடு இருந்தவர். தீவுக்குத் திரும்பத் திரும்பப் போய் டொமாஸிடம் ஐரிஷ் கற்றவர்.

அந்தப் புத்தகத்தில் தீவு அழகாக இருந்தது என்று உட்கார்ந்து வர்ணிக்கிற பேச்சே கிடையாது. வீட்டைச் சொல்கிறார். மனிதர்களுக்கும் மாட்டுக்கும் ஒரே வீடு. கோழிகள் கூரை வேய்ந்த நாணலுக்குள்ளேயே கூடு கட்டி முட்டையிடும். ஒரு வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மேலிருந்து தொப்பென்று ஒரு கோழிக்குஞ்சு பால் குவளைக்குள் விழுகிறது. இது எங்கிருந்து வந்தது என்று முழித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் விழுகிறது. தாய்க்கோழி அடைகாத்ததே யாருக்கும் தெரியாது! நான் நூலகக் கவுண்டரில் வாய்விட்டுச் சிரித்து, வாசகர் ஒருவர் தலையைத் தூக்கி முறைத்தார்.

இன்னொரு இடம். கப்பல் உடைந்து பெட்டி பெட்டியாகத் தேயிலை கரை ஒதுங்குகிறது. டீ என்றால் என்ன என்று தீவில் யாருக்கும் தெரியாத காலம். கொதிக்க வைத்தால் தண்ணீர் கறுக்கிறதே, சரி, இது சாயம்தான் என்று பாவாடையை அதில் முக்கி எடுத்திருக்கிறார்கள்.

அதே ஆள்தான் பிள்ளைகளின் சாவையும் எழுதுகிறார். அவருக்குப் பத்துப் பிள்ளைகள். ஒருவன் கடற்பறவைக் குஞ்சு பிடிக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தான். இன்னொருவன் கடலில் தத்தளித்த பெண்ணைக் காப்பாற்றப் போய் மூழ்கினான். மீன் எவ்வளவு கிடைத்தது என்று சொன்ன அதே குரலில், சில வரிகளில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள்தான் எடுக்க முடிந்தது.

அடுத்தது பெக் சேயர்ஸ். உன் வார்டில் அறுபது வயது தாண்டிய யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பார், முகம் போகிற போக்கைக் கவனி. டன்குவினில் பிறந்து தீவுக்கு வாழ்க்கைப்பட்டவர், பெரிய கதைசொல்லி. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதினார், 1936-இல் புத்தகமானது. ஒரு கால் கல்லறைக்குள்ளும் இன்னொன்று அதன் விளிம்பிலும் இருக்கிற கிழவி என்று தன்னைச் சொல்லிக்கொண்டே ஆரம்பிக்கிறார். இதைக் கொண்டுபோய்ப் பல வருஷம் பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடமாக வைத்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பரீட்சைக்காக இதைப் புகட்டினால் என்ன ஆகும்? ஒரு தலைமுறையே அந்தப் பெயரைக் கேட்டாலே ஓடியது. பாவம், கிழவிமேல் என்ன தப்பு. நேரில் உட்கார்ந்து கேட்டவர்கள் அவரிடமிருந்து நூற்றுக்கணக்கில் கதைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த வறுமைப் புராணங்களையெல்லாம் கிண்டல் செய்து 1941-இல் ஃபிளான் ஓ பிரையன் ஒரு நாவல் எழுதினார். அதில் மழை நிற்கவே நிற்காது, உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் இலைக்கு வராது. இரண்டையும் அடுத்தடுத்துப் படி.

அந்தத் தீவில் இப்போது ஊர் இல்லை. 1946-47 குளிர்காலத்தில் ஓர் இளைஞனுக்கு மூளைக்காய்ச்சல். கடல் கொந்தளிப்பில் டாக்டரைக் கூட்டி வரப் படகு போக முடியவில்லை, இறந்துபோனான். நர்ஸ் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த சில மாதத்தில், சாப்பிட எதுவும் இல்லை, உணவு அனுப்புங்கள் என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி போனது. 1953 நவம்பரில் மிச்சமிருந்த 22 பேரையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்தது. கோடையில் டன்குவின் துறையிலிருந்து படகு போகும். கூரை போன வீடுகளைப் பார்க்கலாம். புத்தகத்தைப் படித்துவிட்டுப் போ, அப்போதுதான் எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியும்.

டன்குவின் பக்கத்துச் சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர் ஐரிஷில் மட்டும் இருப்பதைக் கவனித்திருப்பாய். 1820களில் ஆரம்பித்த நிலஅளவையில் வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்த ஒலியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். நம் தூத்துக்குடி டியூட்டிகோரின் ஆன கதைதான். உன் டிரலீ உண்மையில் ‘த்ரா லீ’. லீ ஆற்றுக் கரையின் மணல் என்று அர்த்தம். ‘கில்’ என்று ஆரம்பிக்கிற ஊர்களில் பெரும்பாலும் பழைய சர்ச் ஒன்று ஒளிந்திருக்கும், கில்லார்னி மாதிரி. ‘நாக்’ என்று வந்தால் குன்று. பஸ்ஸில் போகும்போது பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் அதுவே ஒரு புத்தகம்.

இங்கிலீஷில் லேசாகத் தொடங்க வேண்டுமானால் ஆலிஸ் டெய்லர் எழுதிய ‘வயல்வழியே பள்ளிக்கு’ என்ற 1988 புத்தகத்தை எடு. கார்க் பக்கத்துப் பண்ணை வீட்டுச் சிறுவயது. அங்கே அமோகமாக விற்றது, போட்ட பதிப்பகம் டிங்கிளில்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் சர்க்கரை கூடுதல். உங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். ஷேமஸ் ஹீனியின் 1966 தொகுப்பில் முதல் கவிதையை மட்டுமாவது படித்துவிடு: தாத்தா சதுப்பு நிலத்தில் டர்ஃப், அதாவது அடுப்பெரிக்கக் காயவைக்கிற மக்குமண், வெட்டுகிறார், பேரன் பாட்டிலில் பால் கொண்டுபோகிறான், மூடிக்குப் பதில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து. தாத்தா நிமிர்ந்து குடித்துவிட்டு உடனே மறுபடி குனிகிறார். அந்த டர்ஃபை எப்படி வெட்டினார்கள், எப்படி நிறுத்திக் காயவைத்தார்கள், மண்வெட்டி மாவட்டத்துக்கு மாவட்டம் எப்படி மாறியது என்பதெல்லாம் எஸ்டின் எவன்ஸின் 1957 புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. நடை வறட்சிதான், ஆனால் பொய் கிடையாது.

அப்புறம் ஒன்று, காசே வேண்டாம். 1937 முதல் 1939 வரை, வட அயர்லாந்து நீங்கலாக, அயர்லாந்து முழுக்கத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வா என்று அனுப்பினார்கள். நாட்டு வைத்தியம், பேய்க்கதை, வெண்ணெய் கடைவது, பஞ்சத்தின் ஞாபகம் எல்லாம் கோணல் கையெழுத்தில் லட்சக்கணக்கான பக்கங்கள். இப்போது இணையத்தில் ‘டூஹஸ்’ (duchas.ie) என்று தேடினால் ஊர்வாரியாகக் கிடைக்கிறது. டிரலீ பக்கத்துப் பள்ளிகளை எடுத்து, கைவைத்திய நோட்டுகளிலிருந்து தொடங்கு. நைட் ஷிப்டுக்கு நல்ல துணை.

சரி, பொங்கலுக்கு வரும்போது பழைய புத்தகக் கடையில் ‘தீவுக்காரன்’ ஒரு பிரதி கிடைத்தால் கொண்டுவா. நூலகப் பிரதியை நான் திருப்பிக் கொடுத்து வருஷங்கள் ஆகிறது. பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் அங்கத்து டீத்தூள் இரண்டு பாக்கெட். நல்ல கறுப்பாக இறங்கும் என்று நீதானே சொன்னாய். புடவையை முக்க மாட்டேன், பயப்படாதே.

அன்புடன்,
சித்தி