கணபதி கடை விவகாரம்

டேய் சேகர்,

இங்கே எல்லோரும் நலம். தினமும் காலை வணக்கப் படம் அனுப்புவதை நீ கடிதப் போக்குவரத்தாகக் கணக்கு வைத்திருந்தால் நான்தான் பாக்கி, ஒத்துக்கொள்கிறேன். இப்போது எழுதுவது நம்ம கணபதிக்காக.

கடையைக் காலி பண்ணச் சொல்லி ஓனர் நெருக்குவது உனக்குத் தெரியும். வாடகை பாக்கி இல்லை, அக்ரிமென்ட் முடியவும் இல்லை. கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்குமென்று அந்த ஆள் நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். கணபதி கொலை மிரட்டல் விட்டானாம். ஹாஸ்டலில் கரப்பான்பூச்சிக்குப் பயந்து முதல் ஆளாக உன் கட்டிலில் ஏறி நின்றவன்!

காலையில் கூப்பிட்டவர்கள் ராத்திரி வரை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். எஃப்ஐஆர் இல்லை, புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது நகல் கேட்டதற்கு முறைப்பு. 'காலி பண்ணுறேன்னு எழுதிக் குடு, இல்லேன்னா ரிமாண்ட்.' கட்டப்பஞ்சாயத்துதான், என்ன, அரசாங்க ஃபேனுக்கு அடியில் நடந்தது. எழுதி வாங்க ஸ்டேஷனில் பேப்பர்கூட இல்லாமல் அவன் மச்சானே ஒரு பண்டில் ஏ4 வாங்கி வந்தானாம். சிரிக்காதே. வக்கீல் வந்த பிறகுதான் விட்டார்கள், அதுவரை இவன் கையெழுத்துப் போடவில்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த ரிமாண்ட் மிரட்டல்தான் மண்டையில் ஓடுகிறது. ரிமாண்ட் என்று காவலில் வைக்க அனுப்ப வேண்டியது மாஜிஸ்திரேட், போலீஸ் இல்லை. 24 மணி நேரத்துக்குள் அவர் முன் நிறுத்த வேண்டும், அடித்தார்களா என்று அவர் கேட்க வேண்டும். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள பிரிவுகளில் எடுத்தவுடன் கைது கூடாது, காரணம் பதியாமல் காவலில் வைக்க உத்தரவிடும் மாஜிஸ்திரேட் மேலும் துறை நடவடிக்கை வரும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் ஒரு இன்ஸ்பெக்டர் அதைத் தன் சட்டைப்பையில் இருக்கிற சாமான் மாதிரி எடுத்துக் காட்டுகிறார் என்றால், நீட்டிய இடத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்து விழும் என்ற தைரியம்தானே?

சாத்தான்குளத்தை நினைத்துப் பார். 2020 ஜூனில் ஜெயராஜை ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோனார்கள், அவரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். விடிய விடிய அடி. மறுநாள் ரிமாண்ட் ஆனது, ரத்தம் வடிந்தவர்களைச் சுமார் நூறு கிலோமீட்டர் தாண்டிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள், அடுத்தடுத்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். லத்தியைப் பற்றி எல்லோரும் பேசினோம். அந்த மறுநாள் ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் கண்ணைத் திறந்து பார்த்து, சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு கேள்வி கேட்டிருந்தால்? பிறகு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாரதிதாசனிடமே ஸ்டேஷனில் மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்கள், சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது. ஹைகோர்ட் அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறை கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

லஞ்சம் என்றால் நாம் எப்போதும் கவரைத்தான் தேடுகிறோம். இந்த மாதிரி ரிமாண்ட் கையெழுத்துக்குப் பணம் கைமாற வேண்டியதே இல்லை, தினமும் முகம் பார்க்கிறவர்களைப் பகைத்துக்கொள்வானேன் என்ற எண்ணம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு வேறு மாதிரிப் பட்டால் திட்டி எழுது.

சரி, வேலைக்கு வருகிறேன். முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டுப் போட்டாயிற்று. முதல் வாய்தாவிலேயே வழக்குக் கட்டு காணோம் என்றார்கள், வக்கீல் குமாஸ்தா உள்ளே போய்த் திரும்பியதும் கிடைத்துவிட்டது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரே சொல்லிவிட்டார்.

உன் சின்ன மச்சினர் இன்னும் ஹைகோர்ட் மதுரைக் கிளையில்தானே பிராக்டீஸ் பண்ணுகிறார்? போலீஸ் இந்த சிவில் தகராறில் தலையிடக் கூடாதென்று ஒரு ரிட் போட முடியுமா, ஃபீஸ் எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல். சொந்தக்காரர் என்று குறைத்து வாங்க வேண்டாம், கணபதி கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு, கணபதியைப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறேன்.

ராமு