தலையில் லேசாக அடிபட்டு வருவோருக்கு ரத்தப் பரிசோதனைக் கருவி கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
அவசர சிகிச்சைப் பிரிவு மற்றும் ஆய்வகப் பணியாளர்கள்,
வட சென்னை.

பெறுநர்:
மதிப்பிற்குரிய அதிகாரி அவர்கள்,
ஆய்வகக் கருவிகள் ஒதுக்கீட்டுப் பிரிவு,
சென்னை.

பொருள்: இரவு நேரத் தலைக்காயம் – ரத்தத்தில் ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.எல்.1 ஆகிய இரு புரதங்களை அளக்கும் கருவி வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு அளித்த இரண்டு மனுக்கள்.

ஐயா,

வணக்கம். எங்கள் மருத்துவமனை எந்தச் சாலையில் இருக்கிறது, இரவு பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் என்ன நிற்கிறது என்பதையெல்லாம் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. கன்டெய்னர் கதவு இடித்தவர், படகிலிருந்து வழுக்கி ஐஸ் பெட்டி மேல் விழுந்தவர், பைக் சறுக்கி மீடியனில் மோதியவர். எங்கள் கேஷுவாலிட்டிக்கு வரும் தலைக்காயங்களில் பெரும்பகுதி இந்த வகைதான். ஜி.சி.எஸ். (சுயநினைவை அளக்கும் மதிப்பெண், 15 என்றால் முழு நினைவு) 14 அல்லது 15 இருக்கும். பெயர், ஊர் கேட்டால் சரியாகச் சொல்வார். இரண்டு முறை வாந்தி எடுத்திருப்பார், அல்லது அடிபட்ட நேரத்தில் நடந்தது மட்டும் ஞாபகம் இருக்காது. உள்ளே ரத்தக் கசிவு உண்டா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சி.டி. எடுத்தால்தான் தெரியும். இரவில் எங்களிடம் சி.டி. இல்லை.

2. எங்களை மிகவும் வாட்டுவது இந்த இரவுப் பயணம்தான். ரெஃபர் எழுதி 108-ல் ஏற்றுகிறோம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசல் நோக்கி லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஜீரோ கேட் பக்கம் அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. உள்வழியாகப் போனால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். மழைக்காலம் என்றால் வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையில் தண்ணீர். கழுத்துப் பட்டையோடு மல்லாந்து படுத்திருப்பவருக்கு வண்டிக்குள் வாந்தி வந்தால் உடம்பை மொத்தமாகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். கூட வருவது மனைவியோ தம்பியோ, அவர்களுக்கு அது தெரியாது. போய்ச் சேர்ந்த இடத்திலும் வரிசை உண்டு, அங்கே மோசமான காயங்களுக்குத்தான் முதலிடம். அது நியாயமும்கூட. இவர் விடியும்வரை பெஞ்சில் காத்திருந்து, ‘நார்மல்’ என்ற தாளோடு, அன்றைய கூலியை இழந்து திரும்புகிறார். அந்த நேரம் முழுக்க எங்கள் பகுதிக்கு ஒரு ஆம்புலன்ஸ் குறைவு.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. “எனக்கு ஒண்ணுமில்ல சார், காலையில லோடு இருக்கு” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். அவர்களில் யாருடைய மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல இன்றைக்கு எங்கள் கையில் எதுவும் இல்லை.

3. நாங்கள் கேட்பது ஊரில் இல்லாத அதிசயப் பொருள் அல்ல. மூளையில் அடிபட்டால், நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவ அணுக்களிலிருந்து ஜி.எஃப்.ஏ.பி.யும், நரம்பணுக்களிலிருந்தே யு.சி.எச்.எல்.1-ம் ரத்தத்தில் கலக்கின்றன. யு.சி.எச்.எல்.1 சீக்கிரம் ஏறி சுமார் 8 மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கும், ஜி.எஃப்.ஏ.பி. மெதுவாக ஏறி 20 மணி நேர அளவில் உச்சம் தொடும். சீக்கிரம் வருபவர், தாமதமாக வருபவர் இருவரையும் பிடிக்கத்தான் இரண்டையும் சேர்த்து அளக்கிறார்கள். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 பிப்ரவரியில் இந்தச் சோதனைக்கு முதல் அனுமதி தந்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் 1959 பேர். அவர்களில் 671 பேருக்குச் சோதனை ‘இல்லை’ என்றது. அந்த 671 பேரில் 3 பேருக்கு மட்டுமே சி.டி.யில் காயம் தெரிந்தது.

குறையையும் மறைக்கவில்லை. மீதி 1288 பேருக்குச் சோதனை ‘உண்டு’ என்றது, ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு சி.டி. நார்மல். வயதானவர்களுக்கு ஜி.எஃப்.ஏ.பி. இயல்பாகவே சற்று உயர்ந்திருப்பதால் வீண் ‘உண்டு’ இன்னும் அதிகம் வரும். அதனால் ‘உண்டு’ என்றால் இப்போது போலவே ரெஃபர்தான். எங்களுக்குப் பயன்படுவது அந்த ‘இல்லை’. மூன்றில் ஒருவருக்கு இரவுப் பயணம் மிச்சமானால் போதும் ஐயா.

4. எந்த வகை வேண்டும் என்பதில் தவறு நேரக் கூடாது.

எஸ்.100.பி. என்ற பழைய புரதம் மலிவு என்று சொல்லி அதைக் கொடுத்துவிட வேண்டாம். ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013 வழிகாட்டு நெறியில் அது உண்டு. ஆனால் அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். கொழுப்பு, எலும்பு முறிவு ஆகியவற்றிலிருந்தும் அது ரத்தத்தில் கலக்கும். பைக்கிலிருந்து விழுந்து காலும் உடைந்து வருபவருக்கு அதை வைத்து என்ன சொல்வது?

2021-ல் அனுமதி பெற்ற கையடக்கக் கருவி வகைக்குப் பிளாஸ்மா (ரத்த அணுக்களைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் திரவம்) வேண்டும். அதாவது ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ், அதை இயக்க இரவில் ஒரு டெக்னீஷியன். 2024 ஏப்ரலில் அனுமதி பெற்ற வகைக்கு ஈ.டி.டி.ஏ. குழாயில் (ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவிய குழாய்) எடுத்த முழு ரத்தமே போதும். 15 நிமிடத்தில் முடிவு, அடிபட்டு 24 மணி நேரம் வரை செல்லும். எங்களுக்கு வேண்டியது இந்த வகை. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ன்படி இறக்குமதி உரிமம் பெற்றதாகப் பார்த்து வாங்கித் தாருங்கள்.

5. கருவியை மட்டும் அனுப்பினால் போதாது. முன்பு வந்த சில கருவிகள் பீரோவுக்குள் தூங்கும் காரணம் தங்களுக்கும் தெரியும். கூடவே வேண்டியவை:

அ) கார்ட்ரிட்ஜ் (ரத்தத்தை விட்டுக் கருவியில் மாட்டும் சிறு சோதனைப் பெட்டி) வைக்க 2 முதல் 8 டிகிரி ஃப்ரிட்ஜ், அதற்கு யு.பி.எஸ். வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வந்த கார்ட்ரிட்ஜை மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிர்ச்சியோடு அப்படியே மாட்டவும் கூடாது. ஒற்றை கார்ட்ரிட்ஜ் என்றால் பையைப் பிரிக்காமல் 5 நிமிடம் வெளியே வைக்க வேண்டும்.

ஆ) கருவி வைக்கும் இடத்தில் ஏ.சி. 30 டிகிரிக்கு மேல் போனால் கருவி ஓடாது. மே மாதம் கேஷுவாலிட்டியில் என்ன வெயில் என்று ஒரு மதியம் வந்து நின்று பார்த்தால் போதும்.

இ) ஊசி விஷயம். மெல்லிய ஊசியில் இழுத்து, குழாயைக் குலுக்கினால் சிவப்பணு உடைந்து மாதிரி கெட்டுவிடும். மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொடுக்கலாம்.

ஈ) இதற்கு ஒரு பைசா செலவில்லை: ஏ.ஆர். பதிவில் (விபத்துப் பதிவேட்டில்) ‘அடிபட்ட நேரம்’ என்று தனிக் கட்டம். இப்போது வந்த நேரம்தான் எழுதப்படுகிறது. எப்போது அடிபட்டது என்று தெரியாமல் 24 மணி நேரக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? இந்தக் கட்டத்தைக்கூட முதல் மனுவிலிருந்து கேட்டு வருகிறோம்.

6. யாருக்குச் செய்யக் கூடாது என்பதையும் எழுத்து உத்தரவாகத் தாருங்கள்: 18 வயதுக்கு உட்பட்டவர், ஜி.சி.எஸ். 12-ம் அதற்குக் கீழும், வலிப்பு வந்தவர், கை கால் இழுத்தவர், காதில் மூக்கில் ரத்தம் வடிபவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். இவர்கள் கருவிக்காக 15 நிமிடம்கூட நிற்கக் கூடாது, நேராக சி.டி.

7. ஐயா, மன்னிக்க வேண்டும், மரியாதைக் குறைவாக எழுதும் எண்ணம் இல்லை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று அரசே 2021 டிசம்பரில் திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம், நாங்களே அதன் கீழ் வேலை செய்கிறோம். அந்த 48 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் லாரிகளுக்கு நடுவில் போகிறது என்று யாராவது கணக்கெடுத்தார்களா? ‘குடிச்சிருக்கான், தூங்கட்டும்’ என்று ஓரமாகப் படுக்க வைக்கப்படுபவர் நிஜமாகவே போதையில்தான் தூங்குகிறாரா என்று இரவு இரண்டு மணிக்கு யாரிடம் போய்க் கேட்பது? முந்தைய இரு மனுக்களுக்கும் ‘பெறப்பட்டது’ என்ற முத்திரை விழுந்தது. பதில் இல்லை. நிதி இல்லை என்றாவது எழுதியிருந்தால் வேறு கதவைத் தட்டியிருப்போம்.

8. கருவி ஒன்று. மாதாமாதம் தடையில்லாமல் கார்ட்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ் ஒன்று. கேஷுவாலிட்டியிலேயே வைக்க அனுமதி. ஆய்வகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட்டின் நிலை தாங்கள் அறிந்ததே.

9. எல்லாம் ஒரே நேரத்தில் முடியாது என்றால், ஏ.ஆர். பதிவில் அந்தக் கட்டத்தை மட்டுமாவது இந்த வாரமே சேர்க்க உத்தரவிட்டு, கருவிக்கு ஒரு தேதி சொல்லும்படி தங்களை மீண்டும் மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அவசர சிகிச்சைப் பிரிவு மற்றும் ஆய்வகப் பணியாளர்கள்

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் நகல், முத்திரையுடன்.